முன்னால் ஒரு பிடரி

வரிசை நகரல. எவ்வளவு நேரமா நகரலன்னு பார்க்கலாம்னா வாட்ச் கட்டின கை கம்பிக்கும் இடுப்புக்கும் நடுவுல மாட்டியிருக்கு, உருவினா முழங்கை பின்னால நிக்கற அம்மா மேல இடிக்கும், இடிச்சா அம்மா "என்ன சாமி, மூச்சு முட்டுதா?"ன்னு கேப்பாங்க, கேட்டா நான் வாயைத் திறக்கணும், திறந்தா எது வெளிய வரும்னு எனக்கே உத்தரவாதம் இல்ல. கை அங்கேயே இருக்கட்டும். ரெண்டு பக்கமும் இரும்புக் குழாய், தலைக்கு மேல தகரம், ஆடி வெள்ளிக்கிழமை, குழாய் வளைஞ்சு வளைஞ்சு போகுது, அம்மன் எந்தப் பக்கம் இருக்கான்னு இங்கிருந்து ஒருத்தருக்கும் தெரியாது. எனக்குத் தெரியறது என் பொண்டாட்டி பிருந்தாவோட பிடரி மட்டுந்தான். குளத்துல முங்கி எழுந்த ஈரம் இன்னும் காயல, மஞ்சச் சீலை முதுகுல ஒட்டிக்கிடக்கு, பிடரியில தாலிக்கயிறு நனைஞ்சு கருத்திருக்கு, முடி நுனியிலிருந்து தண்ணி என் கால் விரல் மேல சொட்டுது. நடுங்கறா. இந்த வரிசை போய்ச் சேர்ற மண்டபத்துல தரையைக் கழுவிவிட்டு அது மேலேயே சோத்தை வைப்பாங்க. இலை கிடையாது, தட்டு கிடையாது. இவ ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டு, மண்டி போட்டு, குனிஞ்சு, வாயாலயே அதைத் தின்பா. மண்சோறு. புள்ள வேணும்னு வேண்டுதல். குறை அவகிட்ட இல்ல. எங்கிட்ட. அது எனக்குத் திங்கக்கிழமையே தெரியும், அவளுக்கு இன்னும் தெரியாது. மண்டபத்துக்குள்ள போறதுக்குள்ள சொல்லியாகணும். அதைத்தான் நானும் குளக்கரையிலிருந்து சொல்லிட்டே இருக்கேன், மனசுக்குள்ள.

சொல்லு. பிடரிகிட்ட எப்படிச் சொல்றது? மூஞ்சியைப் பார்த்தாவது சொல்லலாம். மூஞ்சியைப் பார்த்தா சத்தியமா சொல்ல மாட்டேன். அப்போ பிடரிதான் தோது. குனிஞ்சு காதுகிட்ட நாலு வார்த்தை. ஆனா பின்னால ராசாமணி அம்மாள், என்னைப் பெத்த மகராசி, அவங்க காது பாம்புக் காது, வீட்டுல கடைசி ரூம்ல நான் போன்ல பேசினா அடுப்படியிலிருந்து பதில் வரும். அவங்க கையிலிருக்கற பூக்கூடை என் முதுகைக் குத்திட்டே இருக்கு. முன்னால இவ, பின்னால அவங்க, நடுவுல நான், சட்னியாட்டம். பிருந்தாவுக்கு முன்னால ஒருத்தன் தோள்ல மொட்டை போட்ட குழந்தையைச் சாய்ச்சிருக்கான், தலையில சந்தனம். இவ்வளவு கூட்டத்துல பின்பக்கம் பார்த்துட்டு வர்றது அது ஒண்ணுதான். என்னையே பார்க்குது. என்னடா பார்க்கறே, பார்க்காதே. பிருந்தா அதோட கன்னத்தைத் தொடலாமான்னு விரலை நீட்டி, பாதியில மடக்கிக்கிட்டா. பக்கத்துல நிக்கற அவனோட பொண்டாட்டி திரும்பிக்கூடப் பார்க்கல. இருந்தாலும் இவ மடக்கிக்கிட்டா. மடக்கிப் பழகிடுச்சு. போன மாசம் இவளோட சித்தப்பா மக வளைகாப்புல சந்தனக் கிண்ணத்தை எடுக்கக் கை நீட்டினா, யாரோ ஒரு பொம்பளை "இரு அம்மிணி, அவ எடுக்கட்டும்"னு கிண்ணத்தை அந்தப் பக்கம் நகர்த்தி வெச்சா. இவ சிரிச்சுக்கிட்டே நகர்ந்துக்கிட்டா. வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்ச்சா பாரு ஒரு தேய், ஒரு வாரத்துப் பாத்திரத்தையும் எடுத்துப்போட்டு. நான் சோபாவுல உக்காந்து வினாத்தாள் திருத்திட்டிருந்தேன்.

மூக்கு அடைச்சிருச்சு. அதென்ன புதுசா, பொறந்ததிலிருந்து அடைச்ச மூக்குத்தானே. பொறந்தன்னிக்கே மூச்சுத் திணறி என்னைக் கண்ணாடிப் பெட்டியில வெச்சுட்டாங்களாம். அப்புறம் காது ஒழுகல், நெஞ்சுச் சளி, வருஷம் பூரா பாக்கெட்டுல கர்ச்சீப். நாமக்கல்ல நீட் கோச்சிங்ல விலங்கியல் நடத்தறேன், பசங்க எனக்கு வெச்ச பேரு சளி சார். நேரா சொல்ல மாட்டானுங்க. நான் உள்ள நுழைஞ்சதும் கடைசி பெஞ்சுல ஒருத்தன் மூக்கை உறிஞ்சுவான், மொத்த வகுப்பும் சிரிக்கும், நானும் சிரிச்சுத் தொலைப்பேன். போன மாசம் சளி நெஞ்சுல இறங்கி, போர்டுல எழுதும்போதே இருமி இருமிச் சாய்ஞ்சுட்டேன், சேலத்துல ஒரு நெஞ்சு டாக்டரம்மாகிட்டப் போனேன். அந்தம்மா இடப்பக்கம் ஸ்டெதாஸ்கோப் வெச்சாங்க. கொஞ்சம் நகர்த்தி வெச்சாங்க. காதுல மாட்டினதைக் கழட்டி ஊதிப் பார்த்தாங்க. "என்னங்க, உங்களுக்கு இதயமே இல்லீங்களா?"ன்னு சிரிச்சாங்க. "வலப்பக்கம் இருக்குதுங்க மேடம்"னேன். சிரிப்பு நின்னுபோச்சு. சின்ன வயசுலிருந்தே சளியா? ஆமாங்க. காது? ஒழுகுமுங்க. கல்யாணம் ஆயிருச்சா? ஆச்சுங்க. குழந்தை? நெஞ்சு டாக்டருக்கு எதுக்கு இந்தக் கேள்வின்னு எனக்குச் சுருக்குன்னுச்சு. "இல்லீங்க, அவளுக்கு வைத்தியம் பார்த்துட்டிருக்கோம்"னேன். "அவங்களுக்கா? உங்களுக்குப் பார்த்தீங்களா?" பார்க்கல. இவளுக்கு வைத்தியம் தொடங்கின புதுசுல வேற டாக்டர் ஒருத்தர் கேட்டப்போ அம்மா "எங்க வம்சத்துல அப்படி யாரும் கெடையாதுங்க"ன்னு சொல்லிட்டாங்க, நான் சுவத்துல மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துட்டு உக்காந்திருந்தேன். நெஞ்சு டாக்டரம்மா காலண்டரைப் பார்க்க விடல. டெஸ்ட் எடுத்தேன். திங்கக்கிழமை போனப்போ உக்கார வெச்சு, கதவைச் சாத்திட்டு, "விந்தணு எல்லாம் உயிரோட இருக்குதுங்க, எண்ணிக்கையும் குறைவில்ல, ஆனா நகரல"ன்னாங்க. ஒண்ணுகூடவா மேடம்? ஒண்ணுகூட இல்லீங்க.

அட, வரிசை நகருது. இல்ல, முன்னால யாரோ குனிஞ்சு செருப்பைத் தேடறான். கோயிலுக்குள்ள எதுக்குடா செருப்பு? நகரல.

வலப்பக்கம் இதயம்ங்கறது எனக்குப் பள்ளிக்கூடத்துலயே தெரியும். ஏழாங்கிளாஸ் படிக்கறப்போ மெடிக்கல் கேம்ப் போட்டாங்க, எக்ஸ்ரே எடுத்தாங்க, படத்தைத் திருப்பிப் போட்டுட்டீங்கன்னு டாக்டர் எக்ஸ்ரே எடுத்த ஆளைத் திட்டினார், அந்த ஆளு இல்லீங்க சார்னு மறுபடி எடுத்தார், மறுபடியும் அதே. கல்லீரல் இந்தப் பக்கம், இரைப்பை அந்தப் பக்கம், எல்லாமே கண்ணாடியில பார்த்த மாதிரி. "ஒண்ணும் பயமில்ல, நூறு வயசு இருப்பான்"னு சொல்லி அனுப்பிட்டாங்க. வீட்டுக்குப் போற வழியில அம்மா என் கையைப் பிடிச்சு நிறுத்தி, "ஆருகிட்டயும் சொல்லப்படாது சாமி. நாளைக்குப் பொண்ணு குடுக்க ரோசனை பண்ணுவாங்க"ன்னாங்க. எனக்குப் பன்னெண்டு வயசு. பொண்ணு பார்க்கப் போனப்பவும் சொல்லல. பிருந்தாதான் தானாக் கண்டுபிடிச்சா, கல்யாணமாகி ஒரு வாரங்கூட ஆகல, நெஞ்சுல தலை வெச்சுப் படுத்தவ எழுந்து உக்காந்துட்டா. "ஏனுங்க, சத்தமே கேக்கல?" "அந்தப் பக்கம் போய்க் கேளு." அந்தப் பக்கம் காதை வெச்சா. ரொம்ப நேரம் வெச்சிருந்தா. "உங்களுக்கு எல்லாமே ஏட்டிக்குப் போட்டிதானுங்களா?"ன்னு சிரிச்சா பாரு, எனக்கு அன்னிக்குத்தான் நிம்மதியாச்சு, பன்னெண்டு வயசுலிருந்து மூட்டை கட்டி வெச்சிருந்ததை ஒருத்தி பிரிச்சுப் பார்த்துச் சிரிச்சுட்டா. அதுக்கப்புறம் கட்டில்ல பக்கம் மாறிப் படுத்தா. யாருக்கும் சொல்லல, அவங்க அம்மாவுக்குக்கூட. அந்தப் பிருந்தாகிட்டத்தான் திங்கக்கிழமை சொல்லியிருக்கணும். வாழைத்தண்டு நறுக்கிட்டிருந்தா, நார் விரல்ல சுத்தியிருந்துச்சு. "டாக்டர் என்னங்க சொன்னாங்க?" "சளிதான்." சளிதான்! என்னத்தைச் சொல்ல. செவ்வாய்க்கிழமை ஸ்பெஷல் கிளாஸ். புதன்கிழமை. புதன்கிழமை வேண்டாம். அதை விடு.

எனக்குத் தெரியாம இருந்திருந்தாக்கூடப் பரவாயில்ல. பத்து வருஷத்துக்கு மேல நடத்தறேன். மூச்சுக்குழாய் உள்பக்கம் பொடிப்பொடியா மயிர், சிலியா, அது அசைஞ்சு அசைஞ்சு சளியை மேல தள்ளும்: சுவாசப் பாடம். விந்தணுவுக்கு வால், அது அடிச்சு அடிச்சு நீந்தும்: இனப்பெருக்கப் பாடம். ரெண்டுக்கும் ஒரே படம் போடுவேன், சுத்தி ஒன்பது ஜோடிக் குழாய், நடுவுல ரெண்டு, ஒரு ஜோடி பக்கத்து ஜோடியைப் பிடிச்சு இழுக்க ஒரு சின்னக் கை. ஒரு மார்க் கேள்வி, நிச்சயம் வரும்டா, கோடு போட்டு வெச்சுக்கோங்க. கர்ச்சீப்பால மூக்கைத் துடைச்சுக்கிட்டே இதைச் சொல்லியிருக்கேன்! சுவாசம் ஒரு மாசம், இனப்பெருக்கம் வேற மாசம், ரெண்டுக்கும் நடுவுல ஒரு ரிவிஷன் டெஸ்ட். மாத்தி மாத்தி நடத்தினேனே ஒழிய ஒரு தடவையாவது ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தேனா? பாடத்தைப் பாடமா வெட்டி, வெட்டினதைக் கேள்வியா வெட்டி, கடைசியில எனக்கு நானே அந்நியமாப் போனேன். மூணாவது பாடம் கரு. அதுலதான் என் கதை தொடங்குது, அது சிலபஸ்லயே இல்ல. திங்கக்கிழமைக்கு அப்புறந்தான் ஸ்டாஃப் ரூம்ல உக்காந்து படிச்சேன். கரு ஒரு சின்னத் தட்டு மாதிரி இருக்கறப்போ தலை எது வால் எதுன்னு அதுக்குத் தெரியும், முதுகு வயிறு தெரியும், இடது வலது மட்டும் தெரியாது. அந்தத் தட்டுல ஒரு குழி. குழிக்குள்ள செல்லுக்கு ஒண்ணா மயிர். நட்ட நடுவுல முளைச்சிருந்தா சும்மா நின்ன இடத்துலயே கலக்கிட்டிருக்கும். ஆனா ஒவ்வொண்ணும் வால் பக்கமா ஒதுங்கி முளைக்குது, அதனால சாய்ஞ்சு நிக்குது, சாய்ஞ்சு சுத்தினா தண்ணி ஒரே பக்கமா ஓடும். எந்தப் பக்கம் ஓடுதோ அது இடது. இதயம் அங்க போகணும்னு முடிவாகறது அப்பத்தான். சரி சார், வால் பக்கம் எதுன்னு ஒரு செல்லுக்கு யாரு சார் சொன்னா? நல்ல கேள்விடா. யாரும் சொல்லல. ஒவ்வொரு செல்லும் தன்னோட முன் ஓரத்துல ஒரு புரதத்தைச் சேர்த்து வைக்குது, பின் ஓரத்துல வேற ஒண்ணை. என் முன் ஓரம் உன் பின் ஓரத்தைத் தொடுது, தொட்ட இடத்துல ரெண்டும் கொக்கியாட்டம் மாட்டிக்குது. ஒரு கோடியில ஏதோ ஒரு வாசனை கிளம்புது, பக்கத்துல இருக்கற செல் அதைப் பார்த்துத் திரும்புது, அதைப் பார்த்து அதுக்கு அடுத்தது. தூரத்துல இருக்கற செல்லுக்கு ஒரு எழவும் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது பக்கத்துல இருக்கறவனோட முதுகு. இந்த வரிசை மாதிரித்தான்டா. அம்மனை இங்க எவன் பார்த்தான்? பிடரியைப் பார்த்து நிக்கறோம், அத்தனை பேரும் அம்மன் பக்கம் திரும்பி நிக்கறோம். சார், இது நீட்ல வருமா சார்? வராதுடா. உக்காரு.

எனக்கு இதெல்லாம் ஒழுங்காவே நடந்திருக்கு, அதுதான் வயித்தெரிச்சல். கொக்கி மாட்டியிருக்கு. வால் பக்கம் ஒதுங்கி முளைச்சிருக்கு. சாய்ஞ்சு நின்னிருக்கு, எல்லாம் ஒரே பக்கமா, ஒழுங்கா, லட்சணமா. சுத்தல. இழுக்கற அந்தச் சின்னக் கை இல்ல, அவ்வளவுதான். தண்ணி ஓடல. இடது எதுன்னு சொல்ல ஆளில்லாம இதயம் பூவா தலையா போட்டுப் பார்த்து ஒரு பக்கம் போய் உக்காந்துக்கிச்சு. மூக்குல அசையல, அதனால சளி சார். வால்ல அசையல, அதனால பிருந்தா மண்ணுல சோறு திங்கப் போறா. இப்ப இந்தக் குழாய்க்குள்ள நிக்கற அத்தனை பேரும் ஒரே திசை பார்த்து, ஒருத்தர் முதுகுல ஒருத்தர் ஒட்டி, நகராம நிக்கறதைப் பார்த்தா, என் உடம்புக்குள்ளயே வந்து நிக்கறேனோன்னு ஒரு நிமிஷம் திக்குன்னுச்சு. மூச்சு. வாயால விடு. வெளிய போயிரலாமா? எப்படிப் போறது, குழாய்ல ஒரு இடத்துல சின்னக் கதவு இருந்துச்சு, மயக்கம் வந்தா திறந்து விடுவாங்களாம், அது ரெண்டு வளைவுக்குப் பின்னால போயிருச்சு, சங்கிலி போட்டிருந்துச்சு. அம்மா முதுகுல தட்டினாங்க. "இந்தா, எலுமிச்சம்பழத்தை மோந்து பாரு." மோந்து பார்க்கறதாம். மூக்கு இருக்கறவனுக்கு அது. "அவளுக்கு ஒண்ணும் ஆகாது சாமி. பக்கத்து ஊர்ல ஒருத்திக்கு எட்டு வருஷம் கழிச்சு இங்க மண்சோறு தின்னுதான் தங்குச்சு. வைராக்கியமாத் திங்கணும், மூஞ்சியைச் சுளிக்கப்படாது. அம்மிணி, கேட்டுக்கிட்டியா?" பிடரி ஆடுச்சு. "சரீங்கத்தை."

சரீங்கத்தை. எத்தனை சரீங்கத்தை. கருக்குழாயில சாயம் ஏத்தி எக்ஸ்ரே எடுத்தப்போ இவ கத்தின கத்தல் வெளிய பெஞ்சுல உக்காந்திருந்த எனக்குக் கேட்டுச்சு, வெளிய வந்து "ஒண்ணுமில்லீங்க, சுள்ளுனு இருந்துச்சு"ன்னா. வயித்துல ஊசி போட்டு ஊசி போட்டுப் பச்சை பச்சையாக் கன்னிப்போச்சு. புள்ள தங்கறதுக்குன்னு தினமும் வெறும் வயித்துல கஷாயம். புதன்கிழமை வேண்டாம்னு சொன்னேனில்ல. அந்த நெஞ்சு டாக்டரம்மா சொன்னதை இவகிட்டச் சொன்னா முடிஞ்சுது: "வால் நகராட்டிப் போகுதுங்க, ஊசியில எடுத்து நாமளே முட்டைக்குள்ள வெச்சரலாம், உங்க மனைவிகிட்ட எல்லாம் சரியா இருந்தா நல்ல வாய்ப்பு, கூட்டிட்டு வாங்க." கூட்டிட்டு வாங்கன்னு எவ்வளவு சுலபமாச் சொல்லிட்டாங்க. கூட்டிட்டுப் போகணும்னா எதுக்குன்னு சொல்லணும். சொன்னா இவ என்னை எப்படிப் பார்ப்பா? திட்டினா வாங்கிக்கலாம். அழுதாக்கூடத் தாங்கிக்கலாம். வளைகாப்புல சிரிச்ச சிரிப்பைச் சிரிச்சா? எங்கிட்டயும் அதே சிரிப்பைச் சிரிச்சுட்டு, அங்க நகர்ந்த மாதிரி நகர்ந்துட்டா? கட்டில்ல மறுபடி அந்தப் பக்கம் போய்ப் படுத்துக்கிட்டா? எனக்குப் பயம் இதுதான், ஆம்பளை மானம் கீனமெல்லாம் இல்ல. பொய். அதுவுந்தான். ஸ்டாஃப் ரூம்ல தெரிஞ்சா, பசங்களுக்குத் தெரிஞ்சா, சளி சாருக்கு என்ன பேரு வைப்பானுங்கன்னு திங்கக்கிழமை பஸ்ஸுல வர்றப்பவே யோசிச்சேன். என் பொண்டாட்டியோட வயித்துப் பச்சையை நினைக்கறதுக்கு முன்னால என் பேரை நினைச்சேன். தூ.

நகருது. நெசமாவே நகருது. தள்ளறாங்க, பூக்கூடை குத்துது, பிருந்தா ரெண்டு அடி போயிட்டா, நானும் போறேன், எனக்கு விருப்பமிருக்கா இல்லையான்னு என் காலை யாரும் கேக்கல. ஒரு வளைவு. இன்னொரு வளைவு. மைக்குல ஒருத்தன் கத்தறான், "மண்சோறு வேண்டுதல்காரங்க வலப்பக்கம் திரும்புங்க, மத்தவங்க நேராப் போங்க, நிக்காதீங்க, நகருங்க நகருங்க." வலப்பக்கம் திறந்த மண்டபம் தெரியுது. தரையைக் கழுவி விட்டிருக்காங்க, ஓரத்துல தண்ணி தேங்கியிருக்கு, ஈரச்சீலைக்காரிங்க அஞ்சாறு பேரு வரிசையாக் குனிஞ்சிருக்காங்க, கை பின்னால. ஒரு சின்னப் பொண்ணு, இருபதுகூட இருக்காது, குனிஞ்சவ நிமிர்றா, மூக்கு நுனியில சோறு, கன்னத்துல சகதி, பக்கத்துல நிக்கற மாமியார்காரி துடைக்கப்படாதுங்கறா. பிருந்தா அதைப் பார்க்கறா. இவளோட தோள்பட்டை ஒரு தடவை ஏறி இறங்குச்சு, தண்ணிக்குள்ள முங்கறதுக்கு முன்னால மூச்சை இழுக்கறமாதிரி. இன்னும் நாலு எட்டு வெச்சா குழாய் பிரிஞ்சிரும், இவ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். சொல்லுடா. சனியனே, சொல்லித் தொலையேன்டா. கம்பியில மாட்டியிருந்த கையை உருவினேன், வாட்ச் கொக்கி தோலைக் கிழிச்சுது, ஈர முந்தானையைப் பிடிச்சு இழுத்துட்டேன்.

திரும்பினா. வரிசைக்கே முதுகைக் காட்டிட்டு என்னைப் பார்த்து முழுசாத் திரும்பி நின்னா. "ஏனுங்க? என்னாச்சுங்க, மூச்சு முட்டுதா?" இவளுக்கும் அதே கேள்விதான். உதடு நீலம் பாரிச்சிருக்கு. "நீ அதைச் சாப்பிட வேண்டாம்." "அட சும்மா இருங்க, அத்தை காதுல விழப்போகுது." "குறை உங்கிட்ட இல்ல பிருந்தா. எங்கிட்ட." அவளுக்குப் புரியல, புருவத்தைச் சுருக்கினா. "டெஸ்ட் எடுத்தேன். வித்து உசுரோட இருக்குதாம், ஒண்ணுகூட நகரலையாம். இந்த மூக்கு, இந்த நெஞ்சு, எல்லாம் ஒரே கோளாறு. உனக்கு ஒண்ணுமில்ல. உனக்கு எப்பவுமே ஒண்ணுமில்ல." மொட்டைக் குழந்தையோட அப்பன் திரும்பிப் பார்த்தான், அவன் பொண்டாட்டி திரும்பினா, அதுக்கு முன்னால ரெண்டு பேரு திரும்பினாங்க. ஒரு செல் திரும்பினா பக்கத்துல இருக்கறதும் திரும்பும்னு படிச்சிருக்கேன். குழந்தை மட்டும் இப்ப அம்மன் பக்கம் பார்க்குது. பிருந்தா என்னையே பார்த்துட்டிருந்தா. சிரிக்கல. மாரியாத்தா, அந்தச் சிரிப்பைச் சிரிக்கல. "எப்பங்க தெரியும்?" "திங்கக்கிழமை." அவ உதடு மெல்ல அசைஞ்சுது, எதையோ எண்ணிப் பார்க்கறாப்புல. எதை எண்ணறாங்கறது எனக்குத் தெரிஞ்சுபோச்சு, குழாயைப் பிடிச்சுக்கிட்டேன். "புதங்கெழமை கஷாயத்தை நீங்கதானுங்களே காய்ச்சிக் குடுத்தீங்க? எனக்குத் தலைவலி, எந்திரிக்க முடியலன்னு. ஆத்திக் குடுத்தீங்க. கசக்குதுன்னேன், மூக்கைப் பிடிச்சுட்டுக் குடின்னு பக்கத்துலயே நின்னீங்க." ஆமாம்னேன். பின்னால அம்மா, மைக்குக் கத்தல்ல அந்தப் பாம்புக் காதுலயும் விழல போல, "என்ன சாமி அங்க பேச்சு? நகருங்க, ஆளுங்க ஏசறாங்க."

பிருந்தா என் மணிக்கட்டைப் பிடிச்சா, தோல் கிழிஞ்ச இடத்துலயே, தெரிஞ்சுதான் பிடிச்சாளான்னு தெரியல. இழுத்தா. குழாய் பிரியற இடத்துல நான் நேராப் போகணும், போகல, வலப்பக்கம் இழுத்துட்டுப் போயிட்டா. மண்டபத்துல பூசாரியம்மா பாத்திரத்தோட நின்னாங்க, கரண்டி நிறையச் சோறு. பிருந்தாவைப் பார்த்து, "உக்காரு கண்ணு, கையைப் பின்னால கட்டிக்க"ன்னாங்க. "எனக்கில்லீங்க, இவருக்கு வைங்க." "ஆம்பளைங்களுக்கு வெக்கற வழக்கமில்ல கண்ணு." "இவருக்குத்தானுங்க வேண்டுதல்." சத்தமாத்தான் சொன்னா. குனிஞ்சிருந்த பொம்பளைங்க நிமிர்ந்தாங்க. அம்மா பூக்கூடையோட ஓடி வந்தாங்க, "என்ன அம்மிணி கூத்து இது? பைத்தியமா புடிச்சிருக்குது?" "அவருகிட்டயே கேளுங்கத்தை." அம்மா என் மூஞ்சியைப் பார்த்தாங்க. கேக்கவே இல்ல. பார்த்ததுமே தெரிஞ்சுக்கிட்டாங்க, எக்ஸ்ரே எடுத்த அன்னிக்குப் பிடிச்ச மாதிரியே என் கையைப் பிடிச்சாங்க. "எங்கிட்டத்தாம்மா குறை. டாக்டர் சொல்லிட்டாங்க." "மெல்லப் பேசு சாமி," அம்மா சுத்தும் முத்தும் பார்த்தாங்க, "ஒறம்பரை சொந்தம் ஆராவது இருக்கப் போறாங்க." நான் கையை விடுவிச்சுக்கிட்டேன். பிடி இறுக்கமாத்தான் இருந்துச்சு.

மண்டி போட்டேன். தரை ஐஸாட்டம் இருந்துச்சு. பூசாரியம்மா ஒரு நிமிஷம் தயங்கி, பிருந்தாவைப் பார்த்தாங்க, அப்புறம் என் முன்னால ஒரு கரண்டி வெச்சாங்க. வெறுஞ்சோறு, ஆவி போகுது, ஓரமெல்லாம் ஈரத்துல கரையுது. கையைப் பின்னால கட்டிக்கிட்டேன். பிருந்தா குனிஞ்சு என் மூக்குக்கண்ணாடியைக் கழட்டி எடுத்துக்கிட்டா. "ஒரு பருக்கை மிச்சம் வெக்கப்படாது"ன்னா. அந்தக் குரல்ல இருந்த கோவம் எனக்குப் புதுசு, இத்தனை வருஷத்துல அவ எங்கிட்டக் கோவப்பட்டதே இல்லைங்கறது அப்பத்தான் உறைச்சுது. குனிஞ்சேன். வாய் நிறையச் சோறும் மண்ணும், நறநறன்னு. மூக்கு அடைச்சிருக்கறவன் வாயை அடைச்சா எதால மூச்சு விடறது? மூச்சு முட்டுது, வாயில இருக்கறதை முழுங்கணும், தலையைத் தூக்கணும், காத்தை இழுக்கணும், மறுபடி குனியணும். கன்னத்துல சகதி, நெத்தியில சகதி, கண்ணீர் வருது, அது இருமல்ல வந்ததுன்னு சொன்னா யாரும் நம்ப வேண்டாம். மைக்குல அவன் நகருங்க நகருங்கன்னு கத்திட்டே இருக்கான், பின்னால வர்றவங்க ஏசறாங்க, அம்மா எங்கேயோ மூக்கை உறிஞ்சறாங்க. ஒவ்வொரு வாய்க்கும் தலையைத் தூக்கறப்போ கண்ணாடி இல்லாம மங்கலா ரெண்டு காலு தெரியுது, ஈரச்சீலைக் கரை, நடுங்கற விரல், வெள்ளி மெட்டி. அடுத்த தடவை தூக்கறப்போ இருக்காதுன்னு நினைச்சுக்கிட்டே குனிஞ்சேன். தூக்கினேன். இருந்துச்சு. மறுபடி குனிஞ்சேன், தூக்கினேன். அந்தக் காலு அங்கேயே இருந்துச்சு. நகரல.